அணி மாறுதல் நன்றி மறத்தலாகுமா?

2024 ஆம் ஆண்டு பெப்ரவரி முதலாம் திகதி விளையாட்டுலகைத் திகைக்க வைத்த செய்தி ஒன்று வெளிவந்தது. மோட்டார்ப் பந்தயத்தில் ஏழு முறை உலகச் சம்பியனாகிய பிரித்தானிய வீரர் லூயிஸ் ஹமில்டன், அவ்வாண்டின் இறுதியில் மெர்சிடிஸ் அணியை விட்டு நீங்கி, 2025 முதல் இத்தாலியின் பெராரி அணிக்காகக் காரோட்டப் போகிறார் என்பதே அச்செய்தி. அன்று தொடக்கம் அவர்மீது இரண்டு குற்றச்சாட்டுகள் அடுத்தடுத்து எழுந்தன. ஆறு பட்டங்களைப் பெற்றுத் தந்த அணியைக் கைவிட்ட நன்றியிலி என்பது ஒன்று. பெராரியில் அவருடைய முதற் பருவம் வெறுமையாகக் கழிந்தபின் எழுந்தது மற்றொன்று: இருந்த பெருமையையும் இழந்து நின்ற அறிவிலி என்பது. இவ்விரு தீர்ப்புகளும் பிழையானவை என்பதே என் கருத்து.

இலக்கியத்துக்கென ஒதுக்கப்பட்ட பக்கத்தில் காரோட்டப் பந்தயத்துக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். மனிதர் ஒரு முடிவை எவ்வாறு எடுக்கிறார், அம்முடிவை ஊரார் எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பன கதைக்கும் காவியத்துக்கும் என்றும் உரிய பொருள்கள். மேலும், இவ்விவாதத்தில் என்னை இழுத்து விட்டவர்களும் இலக்கிய அன்பர்களே. தமிழாசிரியரான நண்பர் ஒருவர், “செஞ்சோற்றுக் கடன் அறியாதவன் எத்துணைப் பெரிய வீரனாயினும் எனக்கு அவன் வீரனல்லன்” என்று முடிவாகச் சொன்னார். அவ்விடத்திலிருந்த மாணவன் ஒருவன், “ஐயா, சம்பளத்துக்கு வேலை செய்பவனுக்குச் செஞ்சோற்றுக் கடன் ஏது?” என்று கேட்டான். இருவர் கூற்றிலும் ஓரளவு உண்மை உண்டு. இருவருமே வழக்கை முழுதாக நோக்கவில்லை.

முதலில், இத்துறையை அறியாதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். போர்மியுலா வன் எனப்படும் பந்தயத்தில் ஒவ்வொரு அணியும் தன் காரைத் தானே வடிவமைத்துக் கட்டவேண்டும். அணியொன்றுக்கு இரண்டு கார்கள், இரண்டு சாரதிகள். ஆண்டின் இறுதியில் சாரதிகளுக்கு ஒரு பட்டமும், காரைக் கட்டிய அணிக்கு வேறொரு பட்டமும் வழங்கப்படும். ஓட்டக்காரன் ஒருவன் சங்கம் மாறினால் அவன் கால்கள் அவனுடனேயே போகின்றன. காரோட்ட வீரனோ அணி மாறும்போது தன் கால்களைப் பழைய கொட்டகையில் விட்டுவிட்டுப் போகிறான் என்றே சொல்லலாம். எத்துணைச் சிறந்த சாரதியாயினும் மெதுவான காரைக் கொண்டு ஒரு பருவம் முழுவதும் வெல்லல் இயலாது. ஆகவே எந்த அணியில் ஓட்டுவது என்ற முடிவு, அவன் வாழ்க்கையின் பல ஆண்டுகளை ஒரே நாளில் தீர்மானித்துவிடும் முடிவாகும்.

வளர்த்த வீடும் முதற் பிரிவும்

ஹமில்டன் செல்வத்தில் பிறந்தவரல்லர். 1985 இல் இங்கிலாந்தின் ஸ்டீவனேஜ் என்னும் ஊரில் பிறந்தவர். அவருடைய பாட்டனார் கரிபியத் தீவாகிய கிரனடாவிலிருந்து குடிபெயர்ந்தவர். மகனுடைய பந்தயச் செலவுக்காகத் தந்தையார் ஒரே காலத்தில் பல தொழில்கள் பார்த்தார். எட்டு வயதில் சிறுவர்க்கான ‘கார்ட்’ வண்டிகளை ஓட்டத் தொடங்கிய ஹமில்டனை, பதின்மூன்றாவது வயதில், 1998 இல், மக்லரன் அணியினர் தமது பயிற்சித் திட்டத்தில் சேர்த்துக்கொண்டனர். 2007 இல் அவ்வணியின் காரிலேயே அவர் போர்மியுலா வன்னுக்குள் நுழைந்தார். அத்துறையில் கால் வைத்த முதற் கறுப்பின வீரர் அவரே. முதலாண்டிலேயே ஒரேயொரு புள்ளியால் பட்டத்தை இழந்தார்; மறு ஆண்டு, இறுதிப் பந்தயத்தின் இறுதிச் சுற்றில், ஒரேயொரு புள்ளியால் பட்டத்தை வென்றார். இரு முறையும் எதிரில் நின்றவர்கள் பெராரியின் சாரதிகள் என்பது நினைவில் வைக்கத் தக்கது.

செஞ்சோற்றுக் கடன் என்னும் சொல் எங்காவது பொருந்துமாயின், சிறுவனாய் இருந்தபோதே கைகொடுத்து வளர்த்த மக்லரனுக்கே பொருந்தும். அந்த மக்லரனை அவர் விட்டு நீங்கியது 2012 இல். அவ்வாண்டு அவர்களுடைய கார் களத்திலிருந்த மிக வேகமான கார்களுள் ஒன்று. அணி ஏழு பந்தயங்களை வென்றது. மெர்சிடிஸோ 2010 இல் தன் பெயரில் மீண்டும் களமிறங்கிய பின் மூன்று பருவங்களில் வென்றது ஒரேயொரு பந்தயம். அவ்வாண்டு செப்டெம்பரில் சிங்கப்பூரில் ஹமில்டன் முன்னணியில் ஓடிக்கொண்டிருந்தபோது காரின் கியர்ப்பெட்டி பழுதடைந்து அவர் விலக நேர்ந்தது. ஐந்து நாள்களின் பின், 28 ஆம் திகதி, அவர் மெர்சிடிஸுக்குச் செல்வதாக அறிவிக்கப்பட்டது. பணத்துக்காக வெற்றியை விற்றார் என்றனர் பலர். அறிந்தோர் எனப்பட்டவர்களே அது பெரும் பிழை என எழுதினர்.

நடந்ததை நாம் அறிவோம். 2014 இல் எஞ்சின் விதிகள் மாறின. 1.6 லீற்றர் கொள்ளளவுடைய ‘டர்போ’ எஞ்சினும் மின்சக்தியும் இணைந்த புதிய ஏற்பாட்டை மெர்சிடிஸ் ஏனையோரைவிடச் சிறப்பாகக் கட்டி முடித்திருந்தது. 2014, 2015, 2017, 2018, 2019, 2020 ஆகிய ஆண்டுகளில் ஹமில்டன் சம்பியனானார். அணிக்குரிய பட்டத்தை மெர்சிடிஸ் 2014 முதல் 2021 வரை எட்டு முறை தொடர்ந்து வென்றது. மக்லரனோ 2013 முதல் எட்டுப் பருவங்கள் ஒரு பந்தயத்தையேனும் வெல்லாது, 2021 இல் இத்தாலியின் மொன்சாவிலேயே மீண்டும் வென்றது. 2012 இல் ‘பெரும் பிழை’ என்றவர்களே பின்னர் ‘தீர்க்கதரிசனம்’ என்றனர். முன்னர்ச் சொன்னதற்கு எவரும் அவர்களிடம் விளக்கம் கேட்கவில்லை.

செஞ்சோற்றுக் கடன் எங்கே பொருந்தும்?

இனி என் நண்பரின் குற்றச்சாட்டுக்கு வருவோம். நன்றியறிதலை நம் முன்னோர் போற்றியது போல் வேறெவரும் போற்றினரோ என்பது ஐயம். வள்ளுவர் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தார். இராவணன் செய்தது தவறென்று அவன் முகத்துக்கு நேரே உரைத்தபின்னும் அவனுக்காகவே போர்க்களம் சென்று மடிந்த கும்பகருணனை எண்ணுந்தோறும் நம் நெஞ்சு நெகிழ்கிறது. தன் பிறப்பின் உண்மை அறிந்த பின்னும் துரியோதனனை விட்டு நீங்காத கர்ணனும் அவ்வாறே. அறத்தின் பக்கம் சென்றவன் என்று வீடணனைப் புகழ்கிறோம். ஆயினும் அவன் பெயரை வழக்கில் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இவ்வுணர்ச்சி உயர்ந்ததே. ஆனால் அதனை எங்கு பொருத்துவது என்பதில் நிதானம் வேண்டும். கும்பகருணனும் கர்ணனும் நின்றது, தம்மை ஆதரித்தவன் அழிவை எதிர்நோக்கிய வேளையில். அவ்வேளையில் அவர்கள் நீங்கியிருந்தால் அது கைவிடுதல். மெர்சிடிஸ் அத்தகைய நிலையில் இருக்கவில்லை. 2022, 2023 ஆகிய இரண்டு பருவங்களிலும் அதன் கார் ஹமில்டனுக்கு ஒரு வெற்றியையேனும் தரவில்லை என்பது உண்மை. ஆயினும் அது செல்வமும் ஆற்றலும் மிக்க அணியாகவே இருந்தது. அவர் நீங்கிய பின் 2025 இல் அது இரண்டு பந்தயங்களை வென்றமையே அதற்குச் சான்று.

அவர் வாக்கு மீறினாரா? 2023 ஓகஸ்ட் இறுதியில் 2025 முடியும் வரை நீடிக்கும் ஒப்பந்தம் அறிவிக்கப்பட்டது உண்மையே. ஆனால் ஓராண்டின் பின் விலகுவதற்கான உரிமையும் அவ்வொப்பந்தத்தில் இருந்தது. அவ்வுரிமையைப் பயன்படுத்தியே அவர் விலகுகிறார் என்று மெர்சிடிஸே தன் அறிவித்தலில் கூறியது. இரு தரப்பும் கையொப்பமிட்ட விதியின்படி நடப்பது வாக்குத் தவறுதல் ஆகாது.

கடன் தீர்க்கப்பட்டதா என்பதே அடுத்த கேள்வி. மெர்சிடிஸ் காரில் ஹமில்டன் வென்ற பந்தயங்கள் 84. அணி மாறுவது அறிவிக்கப்பட்ட பின்னரும் 2024 பருவம் முழுவதையும் அவர்களுக்காக ஓட்டினார். அவ்வாண்டு யூலை 7 ஆம் திகதி, இரண்டரை ஆண்டு வறட்சியின் பின், தம் சொந்த நாட்டின் சில்வர்ஸ்டோன் களத்தில் வென்றார். அபுதாபியில் நடந்த கடைசிப் பந்தயத்தில் பதினாறாம் இடத்திலிருந்து புறப்பட்டு, இறுதிச் சுற்றில் தம் அணித்தோழரையே முந்தி நான்காவதாக முடித்தார். போகப் போகிறவன்தானே என்று கையைத் தளர்த்திய மனிதரின் ஓட்டம் அன்று அது. சோற்றுக் கடனைக் கடைசிப் பருக்கை வரை தீர்த்தவர் என்றே அவரைச் சொல்ல வேண்டும்.

என் நண்பர் நோக்காத இன்னொரு பக்கமும் இவ்வழக்கில் உண்டு. சாரதியிடம் நன்றியை எதிர்பார்க்கும் நாம், அணிகளிடம் அதை எதிர்பார்க்கிறோமா? 1991 இல், மும்முறை சம்பியனாகியிருந்த அலன் புரோஸ்ட், தாம் ஓட்டிய காரைக் குறைகூறினார் என்பதற்காகப் பருவம் முடியுமுன்னரே பெராரி அவரை வெளியேற்றியது. 1996 இல் வில்லியம்ஸ் அணியின் டேமன் ஹில், அடுத்த ஆண்டு தமக்கு அங்கு இடமில்லை என்பதை அறிந்துகொண்டே அவ்வாண்டின் சம்பியன் பட்டத்தை அவ்வணிக்காக வென்றார். 2020 இல், நான்கு முறை சம்பியனான செபஸ்டியன் வெட்டலுக்கு, அவரை இனி வைத்துக்கொள்ளும் எண்ணமில்லை என்ற செய்தியைப் பெராரி தொலைபேசியில் தெரிவித்தது. மெர்சிடிஸ்கூட 2012 இல் ஹமில்டனுக்கு இடமளித்தது, ஏழு முறை சம்பியனான மைக்கல் ஷூமாக்கரின் ஆசனத்தைக் கொண்டே. இவ்வணிகளை நன்றி கெட்டவை என்று எவராவது திட்டியது உண்டா? ‘தொழில் முடிவு’ என்ற சொல் அவற்றுக்குக் கேடயமாகிறது. அதே முடிவை உழைப்பவன் எடுத்தால் மாத்திரம் அது துரோகமாகிறது. நிறுவனத்துக்கு ஒரு நீதி, அதில் உழைப்பவனுக்கு வேறொரு நீதி என்பதை என்னால் ஏற்க இயலாது. நன்றி என்பது இரு பக்கமும் ஓட வேண்டிய ஆறு. ஒரு பக்கம் மட்டும் ஓடினால் அதற்கு அடிமைத்தனம் என்று வேறு பெயர் உண்டு.

முடிவை முடிவால் அளக்கலாமா?

இனி இரண்டாவது குற்றச்சாட்டு. 2025 பருவத்தில் நடந்ததை ஒளிக்காமற் சொல்லிவிடுவோம். ஜனவரியில் அவர் மரனெல்லோவுக்கு வந்தபோது, குளிரையும் பொருட்படுத்தாது பெராரி அன்பர்கள் திரண்டு நின்றனர். மார்ச்சில் ஷங்ஹாயில் நடந்த குறுந்தூரப் பந்தயத்தில் அவர் முதலிடம் பெற்றார். மறு நாளே, காரின் அடிப்பலகை விதித்த அளவுக்கு மேல் தேய்ந்திருந்தது என்பதால் பிரதான பந்தயத்தின் முடிவிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. அதன்பின் பருவம் முடியும்வரை ஒரு கிராண்ட் பிரீ பந்தயத்திலேனும் முதல் மூவருள் ஒருவராக அவரால் வர முடியவில்லை. அவர் வாழ்வில் அத்தகைய பருவம் அதுவே முதல். அணித்தோழர் சார்ள்ஸ் லெக்லேர் 242 புள்ளிகளுடன் ஐந்தாம் இடத்தையும், அவர் 156 புள்ளிகளுடன் ஆறாம் இடத்தையும் பெற்றனர். ஓகஸ்டில் ஹங்கேரியின் தகுதிகாண் ஓட்டத்தில், அதே காரில் லெக்லேர் முதலிடம் பெற, அவர் பன்னிரண்டாம் இடத்தில் நின்றார். தாம் பயனற்றவர், அணி வேறு சாரதியைத் தேடவேண்டும் போலும் என்று அன்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். நவம்பரில், சாரதிகள் பேச்சைக் குறைத்து ஓட்டத்தில் கவனஞ் செலுத்த வேண்டும் என்று பெராரியின் தலைவர் ஜோன் எல்கன் பகிரங்கமாகவே கூறினார். அம்மாதமே லாஸ் வேகாஸ் தகுதிகாண் ஓட்டத்தில் ஹமில்டன் கடைசியானார்.

இவற்றை வைத்துக்கொண்டே ‘அறிவிலி’ என்கின்றனர். ஆனால் ஒருவர் அறிவோடு முடிவெடுத்தாரா என்று காண, பின்னர் நடந்தவற்றையா நோக்க வேண்டும்? முடிவெடுத்த நாளில் அவர் எவற்றை அறிந்திருந்தார், எவற்றை அறிந்திருக்க முடியும் என்பதையல்லவா நோக்க வேண்டும்? 2024 ஜனவரியில் அவர் கண்முன் இருந்தவற்றை வரிசைப்படுத்திப் பார்ப்போம். மெர்சிடிஸ் கட்டிய கார் இரண்டு ஆண்டுகளாகப் பிழைத்துப் போயிருந்தது. 2023 இல் றெட் புல் அணி தோற்ற ஒரேயொரு பந்தயத்தை வென்றது பெராரி. அவ்வணியின் முகாமையாளராக 2023 இல் பொறுப்பேற்ற பிரெடரிக் வாஸர், ஹமில்டன் இளைஞராயிருந்தபோது 2005, 2006 ஆம் ஆண்டுகளில் அவர் பட்டம் வென்ற கீழ்நிலை அணிகளை நடத்தியவர். அவர் இயல்பை நன்கறிந்தவர். 2026 இல் காரின் விதிகளும் எஞ்சினின் விதிகளும் ஒருங்கே மாறவிருந்தன. 2014 இல் விதி மாற்றம் எத்தகைய புரட்சியைச் செய்தது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர் அவர். அவருக்கோ வயது 39. இன்னும் காத்திருந்தால் பெராரியின் கதவு மீண்டும் திறக்கும் என்பதற்கு உறுதியில்லை. இவற்றையெல்லாம் எண்ணிப் பார்க்கும் எவருக்கும் அம்முடிவு நியாயமானதாகவே தோன்றியிருக்கும். அதே 2024 இன் இறுதியில் பெராரி அணிப் பட்டத்தை மக்லரனிடம் வெறும் பதினான்கு புள்ளிகளால் இழந்தபோது, ஹமில்டனின் கணக்குச் சரியென்றே பலரும் சொன்னார்கள்.

2012 இலும் 2024 இலும் முடிவெடுத்தவர் ஒருவரே. எடுத்த முறையும் ஒன்றே. இருக்கும் இடத்தின் தளர்ச்சியையும் போகும் இடத்தின் வாய்ப்பையும் வரவிருக்கும் விதி மாற்றத்தையும் எடைபோட்டு, பிறர் சிரிப்பையும் பொருட்படுத்தாது நடந்தார். முதலாவதில் காய் விழுந்தது. இரண்டாவதன் முதலாண்டில் விழவில்லை. ஒரே முறையில் எடுத்த இரு முடிவுகளுள் ஒன்றை ஞானம் என்றும் மற்றதை மடமை என்றும் சொல்வோர், முடிவை மதிப்பிடவில்லை. புள்ளிப் பட்டியலைப் படித்துச் சொல்கின்றனர். மழை பெய்தால் விதைத்தவனை அறிவாளி என்றும், பெய்யாவிட்டால் மூடன் என்றும் கூறுவதற்கும் இதற்கும் வேற்றுமை இல்லை.

திறமை எங்கே குடியிருக்கிறது?

இவ்வாறு கூறுவதால் அவர் கணக்கில் குறையே இல்லை என்று நான் வாதிடவில்லை. குறை இருந்தது; எதிர்ப்போர் காட்டும் இடத்தில் அன்று, வேறோரிடத்தில்.

சம்பியனாயிருந்து பெராரிக்குச் சென்றவர்களின் வரலாறு எச்சரிக்கை நிறைந்தது. புரோஸ்டின் கதையை மேலே கண்டோம். பெர்னாண்டோ அலோன்சோ 2010 முதல் ஐந்து பருவங்கள் அங்கு ஓட்டி, மும்முறை இரண்டாம் இடத்தோடு நின்றார். வெட்டல் ஆறு பருவங்கள் ஓட்டி இருமுறை இரண்டாம் இடம் பெற்றார். இவர்கள் திறமையில் குறைந்தவர்களா? இல்லை. ஆயின் ஷூமாக்கர் மட்டும் வென்றது எப்படி? 1994, 1995 ஆம் ஆண்டுகளில் பெனட்டன் அணியில் சம்பியனான அவர், 1979 க்குப் பின் சாரதிப் பட்டமே காணாத பெராரிக்கு 1996 இல் சென்றார். அவருக்கும் உடனே கிட்டவில்லை. 1997 இல் போட்டியாளரின் கார்மீது மோதியதற்காகப் பட்டியலிலிருந்தே நீக்கப்பட்டார். 1998 இல் கடைசிப் பந்தயத்தில் தோற்றார். 1999 இல் விபத்தொன்றில் கால் முறிந்தது. 2000 இலேயே பட்டம் கைக்கு வந்தது. பின்னர் 2004 வரை தொடர்ந்து ஐந்து.

இதன் இரகசியம் ஷூமாக்கரின் கைகளில் மாத்திரம் இருக்கவில்லை. பெனட்டனில் அவருக்குக் காரைக் கட்டிக் கொடுத்த றொஸ் பிறோனும் றோறி பேர்னும் 1997 அளவில் அவர் பின்னே பெராரிக்கு வந்து சேர்ந்தனர். அங்கே ஜோன் டோட் என்னும் பிரெஞ்சுக்காரர் 1993 முதலே அணியைச் சீர்செய்து கொண்டிருந்தார். சாரதி மட்டும் இடம் மாறவில்லை. பட்டறையின் மூளையும் சேர்ந்து இடம் மாறியது. அவர்களை இழந்த பெனட்டன் மீண்டும் ஒரு பட்டத்தைக் காணவே இல்லை. ஷூமாக்கர் பெராரிக்கு வந்தபோது அவருக்கு வயது 27 என்பதையும் மறத்தலாகாது. நான்கு ஆண்டுத் தோல்வியைத் தாங்க அவருக்குக் காலம் இருந்தது.

ஹமில்டனோ நாற்பதாவது வயதில் ஏறத்தாழத் தனியராகவே சென்றார். மெர்சிடிஸில் பன்னிரண்டு பருவங்களாக வானொலி வழியே அவர் காதில் பேசிய பொறியியலாளர் பீற்றர் பொனிங்டன் பழைய அணியிலேயே தங்கிவிட்டார். ஓட்டத்தின் நடுவே குரலில் ஏற்படும் சிறு மாற்றத்தைக்கொண்டே சாரதியின் மனநிலையை அறிந்து, வேண்டியதை வேண்டிய பொழுதில் சொல்லும் பழக்கம் ஓராண்டில் வருவதன்று. பெராரியின் பிரேக் வேறு. எஞ்சினைக்கொண்டு வேகத்தைத் தணிக்கும் முறை வேறு. ஸ்டியரிங்கிலுள்ள பொத்தான்களின் ஒழுங்கு வேறு. மணிக்கு 300 கிலோமீற்றருக்கு மேல் வரும் காரை ஒரு வளைவின் வாயில் எங்கே, எவ்வளவு அழுத்தி நிறுத்துவது என்பதைக் கால் தானே அறிந்திருக்க வேண்டும். அங்கே மனத்துக்குச் சிந்திக்க நேரமில்லை. பன்னிரண்டு ஆண்டுகளாகக் கால் கற்றதை மறக்கச் செய்து, புதியதைப் படிப்பிக்க வேண்டியிருந்தது. பக்கத்துக் காரில் இருந்த லெக்லேரோ 2019 முதல் அதே வீட்டில் வளர்ந்தவர். போதாததற்கு, 2026 இன் காருக்காக அவ்வாண்டுக் காரின் மேம்பாட்டு வேலையை ஏப்ரல் இறுதியளவிலேயே நிறுத்தத் தீர்மானித்ததாக வாஸர் பின்னர் தெரிவித்தார்.

ஆகவே நான் காணும் பாடம் இது. ஒருவருடைய திறமை முழுவதும் அவருடைய உடலுக்குள் குடியிருக்கவில்லை. அதில் ஒரு பங்கு அவரோடு உழைப்போரிடத்தும், அவர் கைபழகிய கருவியிடத்தும், நெடுநாட் பழக்கத்திடத்தும் இருக்கிறது. இடம் மாறுபவர் அப்பங்கை விட்டுவிட்டே போகிறார். இதனை ஹமில்டன் குறைவாக மதிப்பிட்டார் என்று வேண்டுமானால் சொல்லலாம். சம்பியனை ஒரு தனி மனிதனாகவே கண்டு பழகிய நாமும் அதே தவற்றையே செய்துவந்தோம்.

இதற்கு மாறாக ஆர்ஜன்டீனாவின் ஜுவான் மனுவல் பாஞ்சியோவைச் சிலர் காட்டக்கூடும். அல்பா றோமியோ, மசராட்டி, மெர்சிடிஸ், பெராரி என்று நான்கு நிறுவனங்களின் கார்களில் 1951 க்கும் 1957 க்கும் இடையே ஐந்து பட்டங்கள் வென்றவர் அவர். கடைசிப் பட்டத்தை வென்றபோது வயது 46. ஆனால் அவர் காலத்துக் கார் வேறு, இன்றைய கார் வேறு. அவர் அணி மாறியதும் எப்பொழுதும் தம் விருப்பத்தாலன்று. அல்பா றோமியோ 1951 இன் முடிவிலும் மெர்சிடிஸ் 1955 இன் முடிவிலும் பந்தயத்தை விட்டே விலகின. நின்ற தளம் விலகியபோது அவர் வேறு தளம் தேடினார். அவரை எவரும் நன்றியிலி என்று சொல்லவில்லை என்பதை மாத்திரம் இங்கே குறித்துக்கொள்வோம்.

மறந்துபோன ஒருவர்

புகழ்ந்தோரும் இகழ்ந்தோரும் ஒருங்கே மறந்த ஒருவரைப் பற்றியும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஹமில்டன் அமர்ந்த ஆசனம் வெறுமையாக இருந்த ஆசனமன்று. அதில் ஸ்பெயின் நாட்டவரான கார்லோஸ் சைன்ஸ் இருந்தார். 2023 இல் சிங்கப்பூரில் பெராரிக்கு வெற்றி தேடித் தந்தவர் அவரே. தம் இடம் பறிபோனதை அறிந்த பின் 2024 பருவத்தைத் தொடங்கிய அவர், மார்ச்சில் குடல்வால் சத்திரசிகிச்சை முடிந்து இரண்டே வாரங்களில் அவுஸ்திரேலியாவில் வென்றார். பின்னர் மெக்சிக்கோவிலும் வென்றார். அப்பொழுதும் அவருக்கு இடமில்லை. 2025 இல் வில்லியம்ஸ் என்ற சிறிய அணிக்குச் சென்று, அதன் காரிலேயே இருமுறை முதல் மூவருக்குரிய மேடையில் ஏறினார். பெரிய மனிதர் ஒருவரின் கனவு நிறைவேற, வேறொருவர் விலை கொடுக்க நேரிட்டது. இதில் ஹமில்டன் செய்த குற்றம் எதுவுமில்லை. விளையாட்டின் ஏற்பாடே அது. ஆயினும் நன்றியைப் பற்றிப் பேசப் புறப்பட்டவர்கள் பேசவேண்டிய இடம் இதுவே. சைன்ஸுக்குப் பெராரி நன்றி பாராட்டியதா என்று என் நண்பர் கேட்டிருந்தால், அவர் கேள்விக்கு நான் தலை வணங்கியிருப்பேன்.

ஹமில்டன் ஏன் சென்றார் என்பதற்கு அவரே கூறிய காரணங்களுள் ஒன்று, பெராரியில் ஓட்டுவது தம் சிறுவயதுக் கனவு என்பது. அதைச் சிலர் கேலி செய்தனர். எனக்கு அதில் கேலிக்கு இடம் தெரியவில்லை. ஏழு பட்டங்களும் நூற்றுக்கு மேற்பட்ட வெற்றிகளும் கொண்டவர், பழகிய இடத்திலேயே தங்கி, மாலை மரியாதையோடு ஓய்வு பெற்றிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் ஒருவரும் குறை கூறியிருக்கமாட்டார். அவரோ நாற்பதாவது வயதில் ஒரு புதிய பள்ளியில் முதலாம் வகுப்பு மாணவனாகச் சேர்ந்தார். அங்கே தம்மினும் இளையவரிடம் தோற்றார். தோற்றதை உலகறிய ஒப்புக்கொண்டார். இதைத் துணிவு என்று சொல்ல ஒருவர் வெற்றி பெற்றிருக்க வேண்டியதில்லை.

2025 ஆம் ஆண்டை அவருடைய தோல்வி என்று கூறுங்கள். அது உண்மை, அதை அவரும் மறுக்கவில்லை. ஆனால் தோல்வியைக் குற்றம் என்றும் மடமை என்றும் பெயர் மாற்றி வழங்காதீர்கள். சிறப்பாக, மாணவர்க்கு அளவுகோல் கொடுக்கும் ஆசிரியர்கள் இதில் கவனமாக இருத்தல் வேண்டும். விடையைப் பார்த்துவிட்டு வழியைத் திருத்தும் பழக்கம் கணக்குக் கொப்பியிலேயே பிழையானது. மனிதரின் வாழ்வை அவ்வாறு திருத்தப் புகுவது அதனினும் பிழையானது.